ஊர்க் கடையா, டாலர் தளமா, ஏஜென்சியா? தனியாக டிசைன் தொழிலுக்கு இறங்கும் தம்பிக்கு

சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் ஏழு வருடம் டிசைனராக உட்கார்ந்திருந்த தம்பி ஒருவன் போன மாதம் போன் செய்தான். "அண்ணே, வேலைய விட்டுட்டேன். சிஸ்டம் இருக்கு, நெட் இருக்கு, மூணு மாசத்துக்குத் தாங்குற காசும் இருக்கு. ஊருக்குள்ளயே கடை கடையா ஏறிக் கேக்கவா, இல்ல ஃபைவர்ல போடவா? மெட்ராஸ் ஏஜென்சி ஒண்ணு வீட்ல இருந்தே வேலை தர்றேங்குது. எதுண்ணே சரி?" ஃபைவர் என்றால் இணையத்தில் டாலருக்கு வேலை பிடிக்கும் தளம். போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுதியது இது.

நானும் பிரஸ்ஸிலிருந்து வந்தவன்தான். கோரல்டிராவில் கல்யாணப் பத்திரிகை போட்டு, பிறகு இணையதளம் செய்ய வேர்ட்பிரஸ் பழகி, மதுரையில் வீட்டு மாடியில் ஒரு மேசையைப் போட்டுத் தனியாக ஆரம்பித்தேன். அவன் கேட்ட மூன்று வழியிலும் நடந்திருக்கிறேன். மூன்றிலும் சம்பாதித்தேன், மூன்றிலும் ஏமாந்தேன்.

இவற்றை ஒப்பிடும்போது எல்லாரும் முதலில் பிடிப்பது ரேட்டை. "ஊர்ல லோகோவுக்கு ரெண்டாயிரம் தர அழுவாங்க, அங்க நூறு டாலர்" என்பார்கள். ரேட்டை மட்டும் பார்த்தால் டாலர்தான் ஜெயிக்கும், பேச்சே இல்லை. ஆனால் ஐந்தாம் தேதி வீட்டு வாடகை கொடுக்கும்போது வேறு கேள்விகள் எழும். படம் போடாமல் எத்தனை மணி நேரம் போயிற்று? முடித்த வேலைக்குக் காசு எத்தனை நாளில் வந்தது? அந்த ஆள் அடுத்த வேலைக்கு நேராக நம்மிடம் வருவாரா, நடுவில் இருக்கிறவர் வழியாகத்தான் வருவாரா? நான் இந்தக் கேள்விகளை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

ஊர்க் கடை

ஊரில் ரேட் குறைவு என்பார்கள். அது பாதிதான். டிசைனுக்கென்று காசு கொடுக்கிறோம் என்ற நினைப்பே கடைக்காரருக்குக் கிடையாது. ஃபிளக்ஸ் கடையில் சதுர அடிக்கு இவ்வளவு என்று பிரிண்ட்டுக்குக் கணக்கு, டிசைன் அதற்குள் அடக்கம். பிரஸ்ஸிலும் ஆயிரம் விசிட்டிங் கார்டு அடித்தால் டிசைன் சும்மா. இப்படி அச்சுக்கூலிக்குள் காலம் காலமாகப் பதுங்கியிருந்த ஒரு கூலியைத் தனியே இழுத்து பில் போட்டால் அவருக்குத் திகைப்பாகத்தான் இருக்கும். "என்ன தம்பி, கம்ப்யூட்டர்ல தட்டுறதுக்கு மூவாயிரமா?" என்று கேட்ட பலசரக்குக் கடை அண்ணாச்சி மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் பக்கம் நின்று பார்த்தால் கேள்வி சரிதான்.

அதனால் ஊரில் டிசைனை மட்டும் விற்பதை நிறுத்தினேன். பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், கூகுள் மேப்பில் கடையை ஏற்றுவது, வாட்ஸ்அப் பிசினஸில் சாமான் பட்டியல், நாலு பக்க இணையதளம், எல்லாம் சேர்த்து ஒரே தொகை. அச்சு வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். சிவகாசியில் பழகிய பிரஸ் இருப்பது இதில் பெரிய பலம். தம்பிக்கு அது என்னைவிடக் கூடுதலாகவே உண்டு. கடைக்காரர் கையில் பிடிக்க ஒரு பொருள் வந்துவிடுகிறது. டிசைன் கூலி பழையபடி அதற்குள் போய் ஒளிந்துகொள்கிறது, இந்தத் தடவை என் பைக்கு வருகிறது.

விவசாயம் மாதிரி ஊர் வேலைக்கும் பருவம் உண்டு. ஆடியில் கல்யாணம் கிடையாது, பத்திரிகை வேலை நின்றுவிடும். ஆனால் தள்ளுபடிக்கு ஜவுளிக்கடைக்காரர்கள் நோட்டீஸுக்கும் இன்ஸ்டாகிராம் போஸ்டுக்கும் வரிசையில் நிற்பார்கள். அதே ஆடி 18 அன்று சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளிவரும். அன்றிலிருந்து டிசம்பர் வரை காலண்டரும் டைரியும். ஆவணியில் முகூர்த்தம் திரும்பும், ஐப்பசியில் தீபாவளி, தையில் மறுபடி முகூர்த்தம், ஏப்ரல் மே மாதங்களில் பள்ளிக்கூட அட்மிஷன். எந்த மாதம் கை காயும் என்பது முன்னாடியே தெரிந்துவிடுவதால் சீட்டுக்குப் பணம் கட்டுவதைக்கூட அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். டாலர் தளத்தில் அப்படி ஒரு பஞ்சாங்கம் எனக்கு இதுவரை அகப்படவில்லை. டிசம்பர் கடைசியில் கிறிஸ்துமஸுக்கு வெள்ளைக்காரர்கள் காணாமல் போவார்கள், அது ஒன்றுதான் நிச்சயம்.

காசு வரும் நாள்தான் ஊர் வேலையின் நோய். ஒரு கல்யாண மண்டபத்துக்கு இணையதளம் செய்தேன். 18,000 ரூபாய் பேசி, 5,000 முன்பணம். மீதி வர பதினான்கு மாதம் ஆயிற்று. பொங்கல் கழியட்டும் என்றார், பிறகு வைகாசி முகூர்த்தம் முடியட்டும் என்றார். கடைசித் தவணை கேட்டுப் போனபோது, "இத விடுங்க தம்பி, உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு மண்டப வாடகையில கழிச்சுக்கலாம்" என்றார். எனக்குத் தங்கச்சி கிடையாது.

அதோடு ஒரு வழக்கம் வைத்தேன். பாதித் தொகை யுபிஐயில் வந்து விழுந்தால்தான் ஃபைலைத் திறப்பேன். இணையதளத்தைத் தற்காலிக முகவரியில் காட்டுவேன், மீதி வந்தபிறகுதான் கடைப் பெயர் முகவரிக்கு மாற்றுவேன். யாரும் முகம் சுளித்ததில்லை. அவர்களும் சரக்கு அப்படித்தான் எடுக்கிறார்கள்.

இனி, ஊர் வேலையில் நமக்கு மட்டுமே உள்ள ஒரு பிடிமானம். தமிழ் எழுத்து. பிரஸ்களில் கிடக்கும் பழைய ஃபைல்களைத் திறந்தால் பெரும்பாலும் பாமினி, வானவில் என்று, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவாக இருக்கும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை அவை. அச்சில் லட்சணமாக வரும். அதையே காப்பி செய்து இணையதளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். கூகுளில் தேடினால் கடை அகப்படாது. அதுபோல இல்லஸ்ட்ரேட்டர், ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்தமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றாமல் யூனிகோடில் அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அந்தப் பிழையோடு அச்சாகித் தெருவில் தொங்கும் ஃபிளக்ஸ்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். ஒரு சித்த மருந்துக் கடைக்காரரின் பழைய மருந்துப் பட்டியல் முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றி, பிழை திருத்தி ஏற்றிக் கொடுத்தேன். தனி வேலை, தனி பில். சுலபமாகப் போஸ்டர் போடவைக்கும் கேன்வா செயலி வந்ததிலிருந்து பிறந்தநாள், பண்டிகை வாழ்த்துப் போஸ்டர் எல்லாம் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளே போட்டுவிடுகிறார்கள். அந்த வரவு எனக்குப் போயே போய்விட்டது. பழைய ஃபைலிலிருந்து தமிழை மீட்கிற வேலைக்கு மட்டும் இன்னும் ஆள் தேடி வருகிறார்கள்.

டொமைன், அதாவது இணையதள முகவரி, விஷயம் ஒன்று. ஆரம்பத்தில் எல்லாக் கடைக்கும் என் கணக்கிலேயே வாங்கிப் போட்டேன். அவர்களிடம் இமெயிலே இருக்காது. வருடா வருடம் புதுப்பிக்க நினைவு வைப்பது என் தலையில். ஒரு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்ததில் ஒரு முகவரி காலாவதியாகி, மூன்று நாள் அந்தக் கடையின் தளம் இல்லாமல் போனது. இப்போது கடைக்காரர் பெயரில், அவர் மகன் மொபைல் நம்பரில் கணக்குத் திறந்து கொடுக்கிறேன். நம் பெயரில் வைத்திருந்தால் வாடிக்கையாளர் ஓட மாட்டார் என்று சில டிசைனர்கள் சொல்லித் தருவார்கள். வேண்டாம். அது கடைச் சாவியை நம் இடுப்பில் செருகிக்கொள்கிற வேலை.

கட்டிவைக்க நல்ல கயிறு வேறு இருக்கிறது: ஆண்டுப் பராமரிப்பு. தளத்துக்கு நகல் எடுத்துவைக்கும் பேக்கப், பிளகின் என்ற துணை மென்பொருள்களின் அப்டேட், விலை மாற்றம், ஆடிக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேனர். கடைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வாங்குகிறேன். இன்றைக்கு 19 கடைகள். மாதத்துக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம்தான், பெரிய தொகை இல்லை. ஆனால் வீட்டு வாடகை அதில் போய்விடுகிறது, அதுவும் புதிதாக யாரிடமும் கேட்காமல்.

டாலர் தளம்

ஃபைவர் 2010ல் வந்தது. எலான்ஸ், ஓடெஸ்க் என்ற இரண்டு வேலைத் தளங்கள் சேர்ந்து 2015ல் அப்வொர்க் என்று பெயர் மாறின. ஃபைவரும் அப்வொர்க்கும் ஒன்றல்ல. ஃபைவரில் நாம் கடை விரித்து உட்கார்ந்திருப்போம், வாங்குகிறவர் தேடி வருவார். அப்வொர்க்கில் அவர் வேலையை அறிவிப்பார், நாம் போய்க் கேட்க வேண்டும்.

ஃபைவர் நம் வரவில் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். நூறு டாலர் வேலைக்கு எண்பதுதான். நாம் ஃபைலை ஒப்படைத்த பிறகு வாங்கியவர் வாய் திறக்காவிட்டால் மூன்று நாளில் தானே முடிந்ததாகிவிடும். அதற்குப் பிறகும் புதியவர்களுக்கு 14 நாள் பணம் நிறுத்திவைக்கப்படும். அப்வொர்க் 2023 மே மாதத்திலிருந்து சீராக 10 சதவீதம் எடுத்தது. 2025 மே முதல் புது ஒப்பந்தங்களுக்கு வேலையைப் பொறுத்து பூஜ்யத்திலிருந்து 15 சதவீதம் வரை. இருந்தாலும் பதினான்கு மாதம் இழுத்தடிக்கிற மண்டபக்காரரோடு ஒப்பிட்டால் இது தங்கம். வாங்குகிறவர் பணத்தை முன்கூட்டியே தளத்தில் கட்டிவிடுகிறார், நமக்கு வரும் தேதி தெரிகிறது. இந்த ஒரு விஷயத்தில் ஊர்க் கடை கிட்டவே நிற்க முடியாது.

வேலை கிடைப்பதற்கு முன்னால் போகிற காசும் நேரமும்தான் தளத்தின் நோய். அப்வொர்க்கில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் காசு கொடுத்து வாங்கும் 'கனெக்ட்' என்ற டோக்கன் செலவாகும், ஒன்று 15 சென்ட். ஒரு வேலைக்கு 16 கனெக்ட் கேட்டால் 2.40 டாலர், டாலருக்கு 85 ரூபாய் வைத்தால் 200 ரூபாய்க்கு மேல். இருபது வேலைக்குக் கை தூக்கினால் நாலாயிரம் போச்சு, பதில் ஒன்று வந்தாலும் வரும், வராமலும் போகும். நான் சேர்ந்த முதல் இரண்டு மாதம் ஒரு வேலைகூட அமையவில்லை. மூன்றாவது மாதம் ஐந்து டாலருக்கு ஒரு பேனர். அதற்கு ஒரு ஆஸ்திரேலியர் ஐந்து நட்சத்திரம் போட்டார். அந்த நட்சத்திரத்தைப் பார்த்து வீட்டுக்காரி பாயசம் வைத்தாள், அதற்கான பால் செலவு வரவைவிடச் சற்றுக் குறைவு.

மெல்போர்னில் 2008ல் தொடங்கிய 99டிசைன்ஸ் மாதிரிப் போட்டித் தளங்களும் உண்டு. ஒரு லோகோவுக்குப் பலர் வரைந்து போடுவார்கள், ஒருவருக்குத்தான் பரிசுப் பணம். கை பழகுவதற்கு நல்லது. குடும்பம் நடத்த ஆகாது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தளத்தில் வந்த ஆள் நமக்குச் சொந்தமாவதும் இல்லை. ஃபைவரில் போன் நம்பர், இமெயில் கொடுத்தால் கணக்கே போகலாம். அப்வொர்க்கில் சந்தித்தவரோடு இரண்டு வருடம் தளத்துக்கு வெளியே பணம் வாங்கக் கூடாது, வாங்க வேண்டுமானால் கட்டணம் கட்டி விடுவித்துக்கொள்ள வேண்டும். நான்கு வருட நட்சத்திரங்கள் எல்லாம் ஒரு கணக்கில் இருக்கின்றன, அந்தக் கணக்கின் சாவி வேறு ஒருவரிடம். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அடையாள ஆவணச் சரிபார்ப்பில் ஏதோ சிக்கல் வந்து கணக்கு ஆறு வாரம் முடங்கியது. பிறகு திறந்தார்கள். அந்த ஆறு வாரமும் மனிதர் மாமனார் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

சரி, உண்மையில் எது லாபம்? போன வருடம் ஒரு மாதத்தை நோட்டில் புரட்டிப் பார்த்தேன். நூறு டாலர் லோகோ ஒன்று: கமிஷனும் பணமாற்றுக் கழிவும் போக ஏறக்குறைய 6,600 ரூபாய் வந்தது. வரைய 8 மணி நேரம், செய்திப் பரிமாற்றமும் திருத்தமும் 5, அந்த வேலையைப் பிடிக்கச் செலவானது 7. மொத்தம் 20 மணி நேரம், மணிக்கு 330. அதே மாதம் ஊரில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு, பெயர்ப்பலகை முதல் இணையதளம் வரை முழுக் கட்டு: 15,000 வாங்கினேன், அச்சும் தளத்தை வைக்கும் ஹோஸ்டிங் வாடகையும் 6,000 போக மீதி 9,000. அலைச்சல், டீ, கடை அண்ணாச்சியின் மச்சானுக்கு விளக்கம், எல்லாம் சேர்த்து 26 மணி நேரம். மணிக்கு 346. எழுதிப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. இரண்டும் ஒரே காசு. ஒரே ஒரு வித்தியாசம், ஹார்டுவேர் கடை இந்த வருடமும் 6,000 கட்டியிருக்கிறது.

இதில் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். தளத்தில் ஐம்பது, நூறு நல்ல மதிப்பீடு சேர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு வேலை தேடும் அந்த 7 மணி நேரம் ஒன்றாகச் சுருங்கிவிடும், ரேட்டும் மூன்று மடங்கு கேட்கலாம். ஆங்கிலத்தில் கூசாமல் எழுதத் தெரிந்து, ஒரு வருடம் வரவில்லாமல் தாக்குப்பிடிக்க வீட்டில் வசதி இருந்தால் டாலர் தளம்தான் உயரத்துக்குப் போகும். ஊர்க் கடைக்கு ஒரு மேல்வரம்பு இருக்கிறது. நான் அதை எப்போதோ தொட்டுவிட்டேன்.

ஏஜென்சி

ஏஜென்சிக்காரர்கள் வாடிக்கையாளரைப் பிடித்து வைத்திருப்பார்கள், நாம் பின்னால் இருந்து செய்து கொடுக்க வேண்டும். நம் பெயர் எங்கும் வராது. பெரும்பாலும் செய்த வேலையை நம் மாதிரித் தொகுப்பில் காட்டவும் கூடாது என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். இதைப் பலர் பெரிய குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஆள் பிடிக்க வேண்டாம், பேரம் பேச வேண்டாம், உட்கார்ந்த எட்டு மணி நேரமும் படம் போடலாம். மணிக்கு 300 என்றாலும் எட்டுக்கும் காசு. அதைவிட, பிரஸ்ஸில் ஏழு வருடம் இருந்தவனுக்குத் தெரியாத சங்கதிகள் அங்கே கிடைக்கும். ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் நாலு பேர் சேர்ந்து ஒரு ஃபைலில் வேலை பார்ப்பது எப்படி, வாடிக்கையாளரிடம் தேவைக் குறிப்பு எழுதி வாங்குவது எப்படி, மூன்றாவது திருத்தத்துக்கு மேல் காசு கேட்டுக் கடிதம் எழுதுவது எப்படி என்றெல்லாம் நான் அங்கேதான் கற்றேன். சம்பளம் வாங்கிக்கொண்டு படித்த மாதிரி.

ஆனால் காசு. "எங்களுக்கு கிளையண்ட் இன்னும் தரல பிரதர்." இந்த ஒரு வாக்கியத்தை மூன்று ஏஜென்சிகளிடம் கேட்டிருக்கிறேன். அறுபது நாள் என்பார்கள், தொண்ணூறாகும். ஒரு இடத்தில் 74,000 ரூபாய் நின்றுபோனது.

இதற்கு ஒரு மருந்து உண்டு, டிசைனர்களில் பலருக்குத் தெரிவதில்லை. உத்யம் பதிவு, சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு. ஆதாரும் பானும் போதும், கட்டணம் கிடையாது. பதிவு செய்த குறுந்தொழிலுக்கு, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள், இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியானாலும் 45 நாளைத் தாண்டாமல் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டம் சொல்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டுவட்டி. இதற்கென்று உள்ள அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். இது பழைய சட்டம்தான், யாரும் பயந்ததில்லை. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரி விதியும் சேர்ந்துகொண்டது: கெடுவுக்குள் தராத தொகையை ஏஜென்சி அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது, கொடுக்கிற வருடத்தில்தான் கழிக்கலாம். இதற்கு அவர்களின் ஆடிட்டர் பயப்படுகிறார். இப்போது என் பில்லின் அடியில் உத்யம் எண்ணைத் தடித்த எழுத்தில் போடுகிறேன். மார்ச் மாதத்தில் ஏஜென்சிக்காரர்களே போன் செய்து எனக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்கிறார்கள், இந்த அதிசயத்தைக் கண்ணால் பார்த்தேன். வேலை தொடங்கும் முன்பே பதிவு இருக்க வேண்டும் என்பது முக்கியம். அந்த 74,000 நின்ற காலத்தில் என்னிடம் பதிவு இல்லை.

லோகோ உரிமையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இருக்கும் டிசைனர் போட்டது முதலாளிக்கு. தனியாகத் தொழில் செய்கிறவர் போட்ட லோகோ, எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை, பொதுவாகப் போட்டவருக்கே. காசுக்கு எடுத்துக் கொடுத்த புகைப்படத்துக்கும் உருவப்படத்துக்கும் விதி வேறு, அவை கேட்டவருக்கே. மாற்றிக் கொடுக்கும்போது எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஏஜென்சி ஒப்பந்தத்தில் 'முழுத் தொகையும் செலுத்திய பிறகு உரிமை மாறும்' என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மறுக்கிறவர்களிடம் முன்பணம் கூடக் கேளுங்கள்.

அவன் கேட்காத நாலாவது வழி

டொராண்டோ, லண்டன், சிங்கப்பூர், கோலாலம்பூர். அங்கே இருக்கிற தமிழர்களுக்குக் கோயில் திருவிழா மலர், அரங்கேற்ற அழைப்பிதழ், தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாப் புத்தகம், கடைப் பெயர்ப்பலகை எல்லாம் வேண்டியிருக்கிறது. தமிழ் எழுத்தை ஒழுங்காக அடுக்கத் தெரிந்த டிசைனர் அங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை. எனக்கு இப்படி வந்த முதல் வேலை ஒரு 'கல்வெட்டு'. ஈழத்தமிழர்கள் இறந்தவருக்காக வெளியிடும் நினைவுமலரை அப்படித்தான் சொல்வார்கள் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. கிரானைட்டில் வெட்டவேண்டுமாக்கும் என்று நினைத்து, அளவு கேட்டேன். அந்த அம்மா துக்கத்துக்கு நடுவிலும் சிரித்துவிட்டார். 31ஆம் நாள் சடங்கில் கொடுக்க வேண்டும், ஒரு நாள்கூடப் பிந்த முடியாது. கொடுத்தேன். அந்த வீட்டிலிருந்து மூன்று வீட்டுக்குப் போனது.

ஊரில் மதிப்பில்லாமல் கிடக்கும் திறமைக்கு இங்கே டாலர் விலை. நடுவில் தளமும் இல்லை. பணம் வங்கிக்கோ பேபால் வழியாகவோ வரும். இரண்டு சங்கடங்கள் உண்டு. டொராண்டோவில் காலை ஒன்பது என்றால் நமக்கு மாலை ஆறரை அல்லது ஏழரை. பேச்சு முழுக்க ராத்திரியில்தான். அடுத்தது, ஆள் வாய்வழியாகத்தான் வருவார்கள், விளம்பரம் செய்து பிடிக்க முடிந்ததில்லை. முதல் வேலை அமைய எத்தனை மாதம் ஆகும் என்று கணக்குச் சொல்ல வழியே இல்லை.

வரி, சுருக்கமாக

ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வெளிநாட்டு வரவும் அந்த 20 லட்சத்தில் சேரும், மறக்க வேண்டாம். பதிவு செய்தவர்கள் ஊர் வேலைக்கு 18 சதவீதம் போட வேண்டும். ஏற்றுமதிக்கு வரி கட்டாமல் அனுப்ப ஒவ்வொரு நிதியாண்டும் உறுதிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அந்நியச் செலாவணியாக வந்ததற்கான வங்கிச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். ஏஜென்சிகள் தொழில்முறைக் கட்டணம் என்று வருமான வரிக்கு 10 சதவீதம் பிடித்துத் தரலாம். அது போன காசு இல்லை, கணக்குத் தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வரும். மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டும் சுலபமான முறை, வருமான வரியில் 44ஏடிஏ என்று பழகிய பிரிவு, தகவல் தொழில்நுட்பத் தொழிலுக்கு உண்டு. கிராஃபிக் டிசைன் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. வெப் வேலையும் அச்சு வேலையும் கலந்து செய்கிறவர்கள் இதை ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

தம்பிக்கு

கையில் மூன்று மாதக் காசுதான் என்றால் டாலர் தளத்தை முதல் வழியாக நான் சொல்ல மாட்டேன். மூன்று மாதம் தளத்துக்குப் போதாது. ஏஜென்சி வேலையை வாங்கிக்கொள், ஆனால் வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் கொடுக்காதே. முதல் மாதப் பணம் வந்தபிறகே இரண்டாம் மாதத்து ஃபைலை அனுப்பு. உத்யம் பதிவை இந்த வாரமே முடி. மற்ற இரண்டு நாள் ஊர். உன் பிரஸ்ஸில் காலண்டர் அடிக்க வந்த கடைகளைத்தான் சொல்கிறேன் என்று நினைக்காதே, பழைய முதலாளியின் வாடிக்கையாளரை இழுப்பது சரியில்லை. விருதுநகர், சாத்தூர், ராஜபாளையம் பக்கம் போ. ஆறு மாதத்தில் ஐந்து கடையாவது ஆண்டுப் பராமரிப்பில் வந்தால் போதும். சனிக்கிழமை ஒரு நாள் ஃபைவர் கணக்கைத் திற, தமிழ் எழுத்து வேலை என்று மட்டும் கடை விரி. லோகோ போடுகிறேன் என்று உலகத்தோடு போட்டிக்குப் போகாதே.

ஊரில் கடன், வீட்டில் சின்னக் குழந்தை என்றால் ஏஜென்சியை ஐந்து நாளாக்கிக்கொள்ளலாம். கல்யாணம் ஆகவில்லை, அப்பா சம்பாதிக்கிறார், ஆங்கிலமும் வரும் என்றால் நான் சொன்ன வரிசையைத் தலைகீழாகப் போட்டுத் தளத்திலேயே ஒரு வருடம் உட்காரலாம்.

அனுப்பிய அன்று ராத்திரியே தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. "அண்ணே, உத்யம் போட்டுட்டேன். அந்த மண்டபக்காரர் நம்பர் இருந்தா அனுப்புங்க. எனக்குத் தங்கச்சி இருக்கு."